நிபுணர் சொன்னால் நம்பலாமா? பாலாற்றங்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த எங்கள் மாவட்டத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் வேதியியல் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்னைக் கேட்பதை நிறுத்தவில்லை. போர்வெல் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா, காமாலைக்கு மந்திரிக்கப் போகலாமா, தடுப்பூசியை நம்பலாமா என்று ஆளுக்கொரு கவலை. கவலைகள் வேறானாலும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: படித்தவர்கள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது? நான் மருத்துவன் அல்ல. எனக்குத் தெரிந்தவரை, தெரிந்ததை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நிபுணர்களை நம்பலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

நம்பலாம்.

ஆனால் பட்டத்துக்காகவும் வெள்ளைக் கோட்டுக்காகவும் நம்ப வேண்டாம். அவர் சொல்வது தவறாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேறொருவருக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். "இந்தக் கிணற்று நீரில் குரோமியம் என்ற உலோகம் இவ்வளவு" என்று ஓர் ஆய்வகம் எழுதிக் கொடுத்தால், அதே நீரை இன்னோர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கலாம். "உங்கள் வீட்டுத் தண்ணீரில் தோஷம் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதைச் சரிபார்க்க இந்த உலகில் ஆளில்லை. முதலாமவர் தவறே செய்யமாட்டார் என்பதில்லை. செய்தால் மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். நான் நம்புவது அந்த மாட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை.

நேற்று ஒன்று சொல்கிறார்கள், இன்று வேறொன்று சொல்கிறார்கள். முட்டையே கூடாது என்றார்கள், இப்போது சாப்பிடு என்கிறார்கள். எதை நம்புவது?

முட்டையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் உணவில் கூடாது என்ற வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-இல் கைவிட்டது. உணவில் இருக்கும் கொலஸ்ட்ரால் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் அவ்வளவாக ஏறுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியதுதான் காரணம். சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றிச் சொல்வதைப் பற்றி நாம் வெளியூர் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. தொழுநோயில் விரல்கள் ஏன் போகின்றன? நோய் சதையை அழுகவைக்கிறது, விரல் தானாக உதிர்கிறது என்றுதான் ஊரும் நம்பியது, மருத்துவர்களும் நம்பினார்கள். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் நோயாளிகளின் கைகளை நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். நோய் நரம்பைத்தான் முதலில் தாக்குகிறது, வலி தெரியாமல் போகிறது. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார்கள். முள் ஏறியது தெரியாமல் மைல்கணக்கில் நடப்பார்கள். தூக்கத்தில் எலி கடித்ததுகூடத் தெரியாது. புண் மேல் புண்ணாக விழுந்து விரல் தேய்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார்கள். காலுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்தார்கள். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை அந்த வேலையின் தொடர்ச்சிதான். நிபுணர்கள் கருத்தை மாற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால் எத்தனை விரல்கள் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் நம் ஊர்க் கதைதான். போலியோ சொட்டு மருந்தை மூன்று முறை கொடுத்தால் போதும் என்பது மேலை நாட்டுக் கணக்கு. 1970-களின் தொடக்கத்தில் வேலூரில் வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜான், மூன்று முறை மருந்து பெற்ற குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார். பல குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி போதிய அளவு வரவே இல்லை. "மருந்து வெயிலில் கெட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு அதை யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். ஆனால் நம் குழந்தைகளுக்கு மூன்று போதாது, கூடுதல் முறை வேண்டும், ஊசி மருந்தும் வேண்டும் என்று பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச்சில் நாட்டுக்குச் சான்றிதழ் கிடைத்தது. 2015 நவம்பரில் போலியோ ஊசியும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இங்கே நிபுணரை எதிர்த்தவரும் ஒரு நிபுணர்தான், அவர் கையில் இருந்தது ரத்தப் பரிசோதனை முடிவு. "நிபுணர்கள் தவறு செய்கிறார்கள், ஆகவே என் சித்தப்பா சொல்வது சரி" என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

காமாலைக்குக் கீழாநெல்லி குடித்துச் சரியானவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததைவிட ஆய்வு பெரிதா?

நீங்கள் பார்த்தது உண்மை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் வரும் காமாலையில் பெரும்பகுதி கெட்ட தண்ணீரால் பரவும் ஏ, இ வகை வைரஸ்களால் வருவது. அவை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்கும். (இ வகை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்து. அவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.) மூன்றாவது வாரம் கண் வெளுக்கிறது. அந்த மூன்று வாரமும் எது குடித்தோமோ அதற்குப் பெயர் கிடைக்கிறது. கீழாநெல்லிக்குக் கிடைக்கும், மந்திரித்த கயிற்றுக்கும் கிடைக்கும், ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டிலுக்கும் கிடைக்கும்.

என் அண்ணனுக்குக் காமாலை வந்தபோது வீட்டில் எல்லாரும் இப்படித்தான் நினைத்தோம். உப்பில்லாப் பத்தியம், காலையில் வெறும் வயிற்றில் மோரில் அரைத்த இலை. நான்தான் விடியற்காலையில் வரப்பில் போய்ப் பறித்து வருவேன். வேதியியல் ஆசிரியன், கேள்வி கேட்காமல் பறித்தேன். நடுவில் ஒரு மருத்துவரிடமும் காட்டினோம். அவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்பினார். நான்காவது வாரம் உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெண்ணிறம், குளிர்காய்ச்சல். வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது: பித்த நாளத்தில் கல் அடைத்திருந்தது. இலை எத்தனை நாள் குடித்தாலும் அந்தக் கல் நகர்ந்திருக்காது. அண்ணன் பிழைத்தார். அவரைத் தவறவிட்டதில் இலைக்கும் பங்குண்டு, அந்த ஊசிக்கும் பங்குண்டு, எனக்கும் பங்குண்டு. அன்றிலிருந்து காமாலை என்று யார் வந்தாலும் முதலில் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்கிறேன்.

கீழாநெல்லியை ஆய்வாளர்கள் இளக்காரமாகப் பார்த்தார்கள் என்று யாராவது சொன்னால் அது பொய். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், பி வகைக் கல்லீரல் வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து, அந்த வைரஸை உடம்பில் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். 1988-இல் புகழ்பெற்ற லான்செட் இதழில் முடிவு வெளியானது: மூலிகை பெற்றவர்களில் 59 விழுக்காட்டினரிடம் வைரஸின் அடையாளம் மறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரிடம்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு, நம் வரப்பில் முளைக்கும் செடி ஜெயித்திருந்தால் என்னைவிட மகிழ்கிறவர் யார்? ஆனாலும் ஒருவருக்குக் கிடைத்த முடிவு மற்றவர் கையிலும் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் காரணம் தெரியும்வரை அதை மருந்து என்று விற்கக் கூடாது.

பாம்பு கடித்தால் பச்சிலை வைத்தியரிடம் போகலாமா? எங்கள் ஊரில் ஒருவர் நூறு பேரைக் காப்பாற்றியிருக்கிறார்.

போகாதீர்கள். இந்த ஒன்றில் நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த நூறு பேரில் பலரைக் கடித்தது சாரைப் பாம்பும் தண்ணீர்ப் பாம்பும்தான். நஞ்சுள்ள பாம்புகூடச் சில நேரம் பல்லைப் பதித்துவிட்டு நஞ்சை இறக்காமல் போகும். அவர்கள் எதுவும் சாப்பிடாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது.

கண்ணாடி விரியன் நஞ்சு ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் செய்யும் சோதனையைப் பாருங்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நோயாளியின் ரத்தம் கொஞ்சம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைக்கிறார்கள். பிறகு குழாயைச் சாய்க்கிறார்கள். ரத்தம் உறைந்து கட்டியாக நின்றால் நஞ்சு இன்னும் ரத்தத்தைக் கெடுக்கவில்லை. தண்ணீர்போல வழிந்தால் முறிமருந்து உடனே ஏற்ற வேண்டும். உறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடமாட்டார்கள், படுக்கவைத்து மறுபடி சோதிப்பார்கள். நோயாளியின் உறவினர் பக்கத்தில் நின்று தன் கண்ணாலேயே இதைப் பார்க்கலாம்.

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். இரவில் தரையில் படுத்திருந்தவருக்கு விடியும்போது காரணமில்லாத வயிற்றுவலி, இமை தொங்கல் என்றால் கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனாக இருக்கலாம். பூச்சி கடித்திருக்கும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஆர்.ஓ. விற்பவர் எங்கள் தண்ணீரில் கம்பியை விட்டுக் காட்டினார். இரண்டு நிமிடத்தில் சாக்கடையாக மாறியது. அவ்வளவு அழுக்கையா இத்தனை நாள் குடித்தோம்?

இல்லை. அது உங்கள் தண்ணீரின் அழுக்கு இல்லை, அவருடைய கம்பியின் இரும்பு.

குடியாத்தத்தில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் இதே வேடிக்கை நடந்தபோது நான் அங்கே இருந்தேன். இளைஞர் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நான்கு கம்பிகள் உள்ள கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரத்தைப் போட்டார். குழாய்த் தண்ணீர் முதலில் மஞ்சளானது, அப்புறம் பழுப்பு, அப்புறம் கரும்பச்சையாக நுரை தள்ளியது. மற்றது பளிங்குபோல அப்படியே இருந்தது. தங்கை முகம் வெளுத்துவிட்டது. "பேரப்பிள்ளைக்கு இதையா கொடுத்தேன் அண்ணா" என்றாள்.

நான் உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்தேன். அவருடைய பளிங்குத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். "தம்பி, இப்போது இதில் விடுங்கள்" என்றேன். தயங்கினார், பிறகு விட்டார். அதுவும் பழுப்பானது. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகப் படிகிறது. உப்பில்லாத நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. பத்தாம் வகுப்பு மின்னாற்பகுப்புப் பாடம் இது. அந்த இளைஞரும் அதைப் படித்தவர்தான். கமிஷனுக்காக நடக்கிற பையன், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கருவியைக் கொடுத்து அனுப்பியவர்கள்மேல் இருக்கிறது.

அவர் சட்டைப்பையில் இருக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் போலி அல்ல. நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் கணக்கிட்டுச் சொல்லும். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குரோமியத்தின் வரம்பு 0.05 மில்லிகிராம். ஐந்நூறை அளக்கும் பேனாவுக்கு அது கண்ணில் படாது. கிருமி அறவே படாது. மீட்டர் 150 காட்டும் தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமி நிறைந்திருக்கலாம், 900 காட்டும் கிணற்று நீரைத் தலைமுறைகளாகக் குடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் ஆர்.ஓ. உண்மையாகவே தேவைப்படும் வீடுகள் உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியது ஆய்வக அறிக்கை.

பாலாற்றில் தோல் ஆலைக் கழிவு கலந்த விஷயத்தில் நிபுணர்கள் யார் பக்கம் இருந்தார்கள்?

இதைக் கேட்கிறவர்களின் குரலில் இருக்கும் கசப்பு எனக்குப் புரிகிறது. நானும் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவன்தான்.

முதலில் கண்டுபிடித்தவர்கள் விவசாயிகள். நாக்கில் கரிப்பு, தென்னையில் குரும்பை உதிர்வு, நெல் வயலில் வெள்ளைப் பூப்பு. அதை ஆலைகளிடம் கேட்கப் போனபோது "சுத்திகரித்துத்தான் விடுகிறோம், தண்ணீர் தெளிவாக இருக்கிறதே" என்ற பதில் வந்தது. தெளிவாகத்தான் இருந்தது. மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் அழுகாமல் இருக்க உப்புத் தடவி வருகின்றன. தோல் ஆலையில் ஊறவைக்கும்போது அந்த உப்பு முழுவதும் நீரில் இறங்குகிறது. குரோமியத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சேறாகப் பிரித்துவிடலாம். உப்பு அப்படிப் பிரியாது, சாதாரணச் சுத்திகரிப்பில் அது நீரோடு வெளியே வந்துவிடும். நிறம் போன நீர், உப்பு போகாத நீர், ஆற்றில் கலந்து மணலில் இறங்கிக் கிணற்றுக்கு வந்தது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. விவசாயிகளின் நாக்கு சொன்னதை எண்ணாக்கித் தந்தது ஆய்வு. வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கின்படி, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போயிருந்தது. தீர்ப்பிலேயே அந்த எண் இருக்கிறது.

கழிவுநீரில் கரைந்த உப்பு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்தது. அந்த வரம்பு நியாயமற்றது என்று ஆலைகள் வாதிட்டன. நீதிமன்றம் இரு தரப்பையும் சாராத நாக்பூர் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்திடம் கருத்துக் கேட்டது. வாரியம் வைத்த வரம்பு சரிதான் என்று அந்த நிறுவனம் அறிக்கை தந்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும், கேடு வரும் என்ற அச்சம் இருந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கேடில்லை என்று காட்டும் பொறுப்பும் ஆலையின் மேல் விழுந்தது. "நூறு சதவீதம் நிரூபணம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தத் தீர்ப்பை நினைவுபடுத்துங்கள். அதன் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது, இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

ஆறு மீண்டதா? இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே மாசைப் பற்றித் தீர்ப்பு எழுதிக் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஆய்வு சொன்னதைச் செய்து முடிக்க வேண்டியவர்கள் முடிக்கவில்லை. அந்தப் பழியை ஆய்வின் தலையில் போடுகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

குரோமியம் நஞ்சு என்கிறார் ஒருவர், உடம்புக்குத் தீங்கில்லை என்கிறார் இன்னொருவர். இருவருமே முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

எந்தக் குரோமியம் என்று இருவரையும் கேளுங்கள். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்டது. அதன் நச்சுத்தன்மை ஒப்பீட்டில் குறைவு. ஆறு இணைதிறன் கொண்டது புற்றுநோய் உண்டாக்கும், நீரில் எளிதாகக் கரைந்து மஞ்சளாக ஓடும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்திருக்கும் கழிவில் இருப்பது இந்த இரண்டாவது வகை. மழைக்காலத்தில் அங்கிருந்து மஞ்சள் நீர் கசிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முதல் வகையைப் பற்றிய சான்றிதழைக் காட்டி இரண்டாவது வகையைப் பற்றி உங்களைச் சமாதானப்படுத்த யாரையும் விடாதீர்கள்.

ஆலையிடம் சம்பளம் வாங்கும் நிபுணர் உண்மை பேசுவாரா?

பேசலாம். பணம் யார் கொடுத்தது என்று கேட்பது உங்கள் உரிமை. பணம் வாங்கியதாலேயே பொய் என்று சொல்லிவிட முடியாது. அளந்த இடம், நாள், முறை மூன்றையும் கேளுங்கள். கோடையில் வறண்ட ஆற்றில் எடுத்த நீருக்கும் வெள்ளம் ஓடும்போது எடுத்த நீருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கும். நாளைச் சொல்லாத அறிக்கை எனக்குக் காகிதம்தான்.

காகிதத்தை மட்டும் நம்புவதன் விலை 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தெரிந்தது. தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சுவரை நேரில் வந்து பார்க்க ஒரு பொறியாளர் இருந்திருக்க வேண்டும். நிபுணர்கள் மிகுந்து போனதால் நேர்ந்த சாவு அல்ல அது.

ரோட்டா தடுப்பூசி 56 சதவீதம்தான் வேலை செய்கிறதாமே? பிறகு எதற்குப் போட வேண்டும்?

அந்த 56-ஐ நமக்குச் சொன்னதே அந்த ஆய்வாளர்கள்தான். டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளை வைத்து நடந்த சோதனை அது. வேலூரின் ககன்தீப் காங் அதில் முன்னணியில் இருந்தார். லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி.

எண்ணின் பொருள் இது: தடுப்பூசி இல்லாவிட்டால் ரோட்டா வைரஸால் கடுமையான வயிற்றுப்போக்கு வந்திருக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 56 பேருக்கு வராமல் தடுத்தது. மீதி 44 பேருக்கு வந்தது. நூறு சதவீதம் என்று சொல்லி விற்பது எளிது. நாட்டு மருந்துக் கடையிலோ நகரத்து விளம்பரத்திலோ "எங்களுடையது 56 சதவீதம்" என்று எழுதிய பலகையை நீங்கள் பார்த்ததுண்டா?

ஒரு துறையில் பெரிய மேதை வேறு துறையைப் பற்றிப் பேசினால்?

அங்கே அவரும் உங்களைப் போல, என்னைப் போல ஒருவர். இதய மருத்துவர் அணு உலையைப் பற்றிச் சொல்வதற்கு இதய மருத்துவத்தின் எடை கிடையாது.

நிலநடுக்கம் எப்போது வரும் என்று விஞ்ஞானிகளால் சொல்ல முடியவில்லை. அப்புறம் என்ன விஞ்ஞானம்?

2021 இறுதியில் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் சிறு அதிர்வுகள் வந்தபோது இதைப் பலர் கேட்டார்கள். நாள் குறித்துச் சொன்ன ஜோதிடர்களும் அப்போது புறப்பட்டார்கள். "முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் வழியில்லை" என்று சொன்னவர்களைத்தான் நான் நம்பினேன். வெள்ளம் அப்படியில்லை. அதே ஆண்டு நவம்பரில் பாலாறு கரைபுரண்டது, அதற்கு முன்னெச்சரிக்கை இருந்தது. "இந்த ஆற்றில் தண்ணீரா?" என்று சிரித்துவிட்டு ஆற்றுப் புறம்போக்கில் படுத்தவர்களை நானறிவேன். 1903-இல் வாணியம்பாடியை இதே ஆறு வாரிக்கொண்டு போனதைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருந்தும் படுத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வருவதை நம்பலாமா?

டாக்டரின் முழுப்பெயர், துறை, சொன்ன தேதி மூன்றும் இல்லாவிட்டால் அழித்துவிடுங்கள். மூன்றும் இருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் சொந்த இணையதளத்தில் தேடுங்கள். "உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று எந்த மருத்துவரும் மருந்துச் சீட்டில் எழுதியதில்லை.

மருத்துவரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்கிறார். "நீ டாக்டரா நான் டாக்டரா" என்கிறார்.

இது தவறு, பெருந்தவறு. நான்கு மணி நேரம் வரிசையில் நின்று, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும் மூதாட்டிக்கு, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. பதில் கிடைக்காமல் வெளியே வருகிறவர்தான் அடுத்த பஸ் பிடித்து மந்திரிப்பவர் வீட்டுக்குப் போகிறார். அங்கே உட்காரப் பாய் போடுகிறார்கள், பெயர் சொல்லி அழைக்கிறார்கள், குடும்பக் கதை முழுவதையும் கேட்கிறார்கள். மருந்தில் தோற்பவர்கள் மரியாதையில் ஜெயிக்கிறார்கள். மருத்துவம் படிக்கும் என் பழைய மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. கேள்விகளை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு என்ன நோய், எப்படித் தெரிந்துகொண்டீர்கள், இந்த மருந்து எடுக்காவிட்டால் என்ன ஆகும், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும். இந்த நான்குக்கும் பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைத் தராதவரிடமிருந்து வேறொருவரிடம் போவதில் தவறில்லை. அவரும் ஒரு மருத்துவராக இருக்கட்டும்.

எங்கள் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும். எப்படி எடுத்துப் போவது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உள்ளன, கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். போவதற்கு முன் என்னென்ன சோதிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்கள் குரோமியத்தைத் தனியாகக் கேட்க வேண்டும், ஃப்ளோரைடையும் நைட்ரேட்டையும் விடக் கூடாது.

நீர் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மோட்டாரைப் போட்டவுடன் பிடிக்காதீர்கள், குழாயில் தேங்கியது வரும். ஐந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். குளிர்பான பாட்டில் வேண்டாம், ஆய்வகம் தரும் பாட்டிலோ புதிய சுத்தமான இரண்டு லிட்டர் கேனோ எடுத்து, அதே நீரால் மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு இந்த அலசல் கூடாது. அதற்கு ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் திறந்து, பிடித்து மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் அமிலம் சில துளி விட்டுத் தருவார்கள், அதையும் அலசக் கூடாது.

பாட்டிலின் மேல் ஊர், கிணற்றின் ஆழம், எடுத்த தேதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். அறிக்கை வந்ததும் நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கோடையில் அதே கிணற்றில் மறுபடி எடுக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.